பை முன்னே, வால்டர் பின்னே

கப்பல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு என்று சுவாமிநாதன் சொல்லி வாய் மூடவில்லை, விசாலாக்ஷி ரசக் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இலையில் சாதத்தைக் குழித்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் ரசத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் அவள் கணவர். இன்னொருவன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வால்டர்.

சுவாமிநாதன் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த கல்லூரியும் அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்துக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து அந்த 1949-ஆம் வருஷம் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தன. அங்கிருந்து ஒரு பையன் வந்து இங்கே ஒரு டெர்ம் படிப்பான். இங்கிருந்து ஒரு பையன் அங்கே போய்ப் படிப்பான். அவன் வீட்டில் இவன், இவன் வீட்டில் அவன். போனவன் விசாலாக்ஷியின் ஒரே பிள்ளை கல்யாணராமன்; வீட்டில் கூப்பிடுவது கல்யாணம் என்று. வந்தவன் வால்டர், தாவர சாஸ்திரம் படிக்கிறவன், மயிலாப்பூரில் நெற்றியை இடித்துக்கொள்ளாத வாசல்நிலை ஒன்றுகூட பாக்கி வைக்காத உயரம்.

இந்த ஏற்பாட்டை விசாலாக்ஷி தன் வழியில் புரிந்துகொண்டிருந்தாள். இவனுக்கு இங்கே என்ன நடக்கிறதோ, அதுதான் அவனுக்கு அங்கே நடக்கும். சனிக்கிழமை தோறும் வால்டரின் செம்பட்டைத் தலையில் அவள் நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்கும்போது, ஒஹாயோவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள் என்று மனதார நம்பினாள். வால்டருக்கு ஒரு நாள் தும்மல் வந்தால் கல்யாணத்துக்கு ஜலதோஷம் என்று இவளுக்குக் கண் கலங்கிவிடும்.

"ராகு காலம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூணுலேர்ந்து நாலரை. போறாக்குறைக்கு வடக்கே சூலை, அந்தத் திக்குல கிளம்பவே படாது. ஹார்பர் வடக்கேதானே இருக்கு?"

"நேத்திக்கு வரைக்கும் அங்கேதான் இருந்தது," என்றார் சுவாமிநாதன். "காலம்பறவே கிளம்பிப்போய் அங்கே உட்கார்ந்துண்டாப் போச்சு."

"அன்னிக்குப் பூரா அவனுக்குச் சந்திராஷ்டமம்."

"அவன் நட்சத்திரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பொறந்த தேதி கேட்டுண்டேன். பூராடம்."

"ஒஹாயோவுலயுமா பூராடம்?"

"மாமி, ரசம்," என்றான் வால்டர். அவன் தமிழைக் கற்றுக்கொண்டது அவள் சமையலறை வாசலில். ஆகையால் தேவையானது எல்லாம் அவனுக்குப் பேச வந்துவிடும்.

விசாலாக்ஷி ரசம் ஊற்றினாள். ஆனால் மனசு கரண்டியில் இல்லை. வால்டர் ஏறப் போகிற கப்பலில்தான் கல்யாணம் வந்து இறங்கப் போகிறான். இந்நேரம் நடுக்கடலில் இருக்கிறான். இவனைக் கெட்ட வேளையில் வீட்டை விட்டு அனுப்பினால் அவன் எப்படி நல்லபடியாக வந்து சேருவான்? அவள் பயந்தது அது ஒன்றுக்குத்தான். இரண்டு வாய் சாதம் உள்ளே போவதற்குள் அவளுக்கு வழியும் தோன்றிவிட்டது.

"பரஸ்தானம் வச்சுடலாம்," என்றாள்.

வால்டர் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குப் புரியும்படி அவளே சொன்னாள். பிரயாண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல வேளையில் பிரயாணக்காரனுடைய சாமான் ஒன்றைப் பையில் போட்டு, போகிற வழியில் வேறு ஒருத்தர் வீட்டில் கொண்டு வைத்துவிட வேண்டும். "பை கிளம்பினா ஆள் கிளம்பின மாதிரி. அதுக்கப்புறம் ஆள் எப்போ போனாலும் தோஷமில்லை. புரிஞ்சுதா?"

"நான் இங்கே இருப்பேன். ஆனா போயாச்சு," என்றான் வால்டர்.

"சமத்து! ரொம்ப முக்கியமான சாமானா ஒண்ணு எடுத்து வை."

வெள்ளிக்கிழமை காலை சுபவேளையில் சுவாமிநாதன் ஒரு கான்வாஸ் பையைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் சாந்தோமுக்குப் போனார். அங்கே அவருடன் வேலை பார்க்கும் சரித்திர வாத்தியார் பவுல்சாமியின் வீடு இருந்தது. பவுல்சாமி பையை வாங்கி மாதா படத்துக்குக் கீழே பத்திரமாக வைத்தார். அவர் மனைவி மர்சலின், "கவலப்படாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்க சார். என் தம்பி காஸ்பர் அந்தக் கப்பல்லதான் பட்லரா இருக்கான். வர்ற புள்ளைக்கும் போற புள்ளைக்கும் அவன்தான் சோறு போடப் போறான்," என்றாள். இதைக் கேட்டு விசாலாக்ஷிக்குப் பாதி உயிர் வந்தது.

மறுநாள் பிற்பகல் வால்டர் அறையில் எதையோ புரட்டிப் புரட்டித் தேடினான்.

"என்னடா தேடறே?"

"என் இலை எல்லாம், மாமி. நேத்திக்குப் பையில வச்சேன். இன்னும் பாதிக்குப் பேர் எழுதலை. திங்கக்கிழமை காலேஜ்ல குடுக்கணும்."

விசாலாக்ஷிக்குப் பகீரென்றது. ஒரு டெர்ம் முழுக்கக் கிண்டிக் காட்டிலும் அடையாற்றங்கரையிலும் அவன் சுற்றிப் பறித்து, காய வைத்து, காகிதத்தில் ஒட்டிய இலைகள். அதைக் கொடுத்தால்தான் அவன் இங்கே படித்த படிப்பு ஊரில் செல்லும். முக்கியமான சாமான் வை என்றாள், வைத்துவிட்டான். இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையை அவள் பார்த்ததே இல்லை.

"கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார் சுவாமிநாதன்.

"போன பை திரும்பி ஆத்துக்குள்ள வரவே படாது! இவன் வேணா அங்கே போய் எழுதட்டும்."

வால்டர் சைக்கிளில் போனான். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தான். விசாலாக்ஷி வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். காற்று அவன் பக்கமிருந்து வீசியது.

"பவுல்சாமி ஆத்துல என்ன சாப்ட்டே?"

"வஞ்சிரம், மாமி. ரொம்ப நன்னா இருந்தது."

விசாலாக்ஷி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். ஒஹாயோவில் கல்யாணம் என்னென்ன சாப்பிட்டானோ என்று ஒரு நினைப்பு வந்து, அதை அவசரமாக விரட்டினாள். அதற்குள் அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வந்துவிட்டது.

"பையைத் தொட்டியா?"

"தொடாம எப்படி மாமி எழுதறது?"

"அங்கேயே நில்லு! உள்ளே காலை வைக்காதே!"

ஒரு காலைத் தூக்கியபடி வால்டர் நின்றுவிட்டான். உள்ளேயிருந்து சுவாமிநாதன் ஓடி வந்தார்.

"பையும் ஆளும் ஒண்ணு சேர்ந்தாச்சு," என்றாள் விசாலாக்ஷி. "அப்போ இவன் நிஜமாவே கிளம்பியாச்சு. கிளம்பினவன் திரும்பி வந்தா பிரயாணம் முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம். கல்யாணம் நடுக்கடல்ல இருக்கான்னா!"

"அதுக்காக? ராத்திரி இவன் எங்கே படுப்பான்?"

"பை எங்கேயோ அங்கே."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி மூன்று நாளும் அவனுக்கு என்னென்ன சமைத்துப் போடுவது என்று திட்டமே போட்டு வைத்திருந்தாள். நாளைக்கு அடை, அவியல். அரைக்கிறதற்கு ஊறப் போட்டாகிவிட்டது. அவனோ வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "பரவாயில்லை மாமி, நான் போயாச்சு," என்று அவளைச் சமாதானம் செய்தான். அதைக் கேட்டு இன்னும் அழுதாள்.

படுக்கையும் சட்டைகளும் வாசல் வழியாக ஒவ்வொன்றாக வெளியே போயின. எதிர் வீட்டில் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டு நாலு பேர் பார்த்தார்கள். மறுநாள் குளத்தங்கரைக் காய்கறிக் கடைகளில் கத்தரிக்காயோடு செய்தியும் விற்றது. வெள்ளைக்காரப் பையன் மீன் தின்றுவிட்டானாம், மாமி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டாளாம்.

இந்தப் பழி காதுக்கு எட்டியதும் விசாலாக்ஷி சும்மா இருப்பாளா? ஊரார் வாயை அடைக்க மூன்று வேளையும் சாந்தோமுக்கு அடுக்குக் கேரியர் போயிற்று. காலையில் இட்டிலி, மத்தியானம் முழுச் சாப்பாடு, ராத்திரி அடை, அவியல். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வெளியிலிருந்து சாப்பாடு வருவதா என்று மர்சலினுக்கு ரோஷம். அவளும் காலையில் ஆப்பம், மத்தியானம் இறால், ராத்திரி கோழி என்று அடுக்கினாள். வால்டருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அந்தத் தமிழ் வார்த்தையை மட்டும் விசாலாக்ஷி அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு சமையலையும் இரண்டு நாள் உள்ளே தள்ளினான். திங்கட்கிழமை இலைகளைக் கல்லூரியில் கொடுத்து, பையில் அவற்றுக்குப் பதில் ஒரு சட்டையை வைத்துவிட்டுப் படுத்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான்.

செய்தி மயிலாப்பூருக்கு வந்தது. விசாலாக்ஷி ஓமத் தண்ணீர் அனுப்பினாள். மர்சலின் சுக்குக் கஷாயம் போட்டாள். அதையும் இரண்டு பங்காகவே குடித்தான்.

அன்று சாயங்காலம் சுவாமிநாதன் கப்பல் கம்பெனியிலிருந்து தொங்கிய முகத்தோடு வந்தார். "கொழும்புத் துறைமுகத்துல வேலை நிறுத்தமாம். கப்பல் அங்கேயே நிக்கறது. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் இங்கே வருமாம்."

விசாலாக்ஷி கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள்.

"பார்த்தேளா? நான் சொன்னா சிரிக்கறேளே! இவன் திரும்பி வந்து வாசல்ல ஒரு காலைத் தூக்கிண்டு நின்னான். அவன் கொழும்புல வந்து நின்னுட்டான். இங்கே இவன் பாதி வழி, அங்கே அவன் பாதி வழி!"

"சாந்தோம்ல வயித்து வலி வந்ததுக்குக் கொழும்புல என்ன ஆச்சு?"

"விளையாடாதேங்கோ. கல்யாணத்துக்கும் வயிறு சரியில்லையோ என்னமோ."

ஒரு வாரம் தள்ளிப்போனதில் இன்னொரு சிக்கலும் முளைத்தது. பரஸ்தானப் பை ஒரே வீட்டில் ஐந்து நாளுக்கு மேல் இருந்தால் பலன் போய்விடும். பின்னால் வர முடியாது என்பதால், முன்னால் நகர்த்த வேண்டும். ஐந்து நாள் முடிந்து அவள் நகர்த்தப் புறப்பட்ட புதன்கிழமையன்று வடக்கே சூலை.

"அப்போ தெற்கே போகட்டும்," என்றாள்.

"ஏண்டி, ஹார்பர் வடக்கேன்னா இருக்கு!"

"வழியா முக்கியம்? நகர்றதுதான் முக்கியம்."

தெற்கே அடையாற்றில் கல்லூரியின் ரசாயன வாத்தியார் இனாயத்தின் பங்களா இருந்தது. கல்யாணராமனுக்குப் பாடம் சொன்னவர், மறுக்கவில்லை. புதன்கிழமை காலை வால்டரும் பையும் படுக்கையும் ஒரு ஜட்காவில் ஏறி, கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனார்கள். வீட்டு வாசலில் இனாயத்தின் மனைவி ஷாகிரா பிரியாணி வாசனையோடு வரவேற்றாள்.

இப்போது குளத்தங்கரையில் கதை வளர்ந்தது. பாவம், அந்தப் பையனை எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம். பிரின்ஸிபால் சுவாமிநாதனைக் கூப்பிட்டு விட்டார்.

"என்ன ஸார் இது? ஊருக்குப் போகிற சமயத்தில் அந்தப் பையன் பையும் கையுமாக வீடு வீடாக அலைகிறானாமே. நம் கல்லூரிப் பெயர் என்ன ஆகும்?"

"அவன் அலையவில்லை ஸார். அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்."

"அடையாறு வழியாகவா?"

சுவாமிநாதன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிப் போட்டார். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கு. போதும், அவனை இங்கேயே கூட்டிண்டு வந்துடறேன்," என்றார்.

"கூட்டிண்டு வாங்கோ. உங்க பிள்ளை கொழும்புல இருக்கான், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்கோ," என்றாள் விசாலாக்ஷி. அவர் கோட்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டார். அவருக்கும் பயம்தான், வெளியே சொல்லவில்லை, அவ்வளவே.

சனிக்கிழமை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள், பிறகுதான் தலை வீட்டில் இல்லை என்பது உறைத்தது. கேரியரில் மோர்சாதமும் மாவடுவும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அடையாறு போனாள். வால்டர் இனாயத்தின் தோட்டத்தில் மாமரத்தடியில் உட்கார்ந்து ஷாகிராவின் பெண்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். பார்த்தால் கன்னம் உப்பியிருந்தது. தன் வீட்டில் இருந்தபோது இல்லாத சதை. அது அவளுக்குச் சுருக்கென்றது.

"மாமி!" என்று ஓடி வந்தான்.

"ஏண்டா, இங்கே சாப்பாடெல்லாம்..."

"சோக்கா கீது மாமி!"

"ஐயய்யோ, இதை யாருடா சொல்லிக் கொடுத்தா?"

"ஜட்காக்காரர்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கேரியரை வாங்கித் திறந்து, புல்லிலேயே உட்கார்ந்து மோர்சாதம் முழுவதையும் சாப்பிட்டான். "இது மாதிரி இல்லை, மாமி," என்றான். விசாலாக்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமரத்தைப் பார்த்தாள். இவன் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தாள். கல்யாணம் வந்துவிடுவான், அதனால் சரியாகிவிடும் என்று தேற்றிக்கொண்டாள்.

அடையாற்றில் ஐந்து நாள் முடிந்தது. திங்கட்கிழமை கிழக்கே சூலை. ஆகவே பை மேற்கே தியாகராய நகரில் அவள் தங்கை காமாக்ஷி வீட்டுக்குப் போயிற்று.

"அத்தனை பேர் ஆத்துல அஞ்சு நாள். எங்காத்துக்கு மட்டும் ஒரே நாளா?" என்று காமாக்ஷி சண்டைக்கு வந்தாள்.

"கப்பல்காரனைக் கேளு," என்றார் சுவாமிநாதன்.

ஒரு நாள் என்றாலும் காமாக்ஷி விடவில்லை. பாயசம், வடை, போளி என்று கல்யாண விருந்தே போட்டாள். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ராகு காலம் பிறக்கிற சமயம் பார்த்து, வால்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினான். விசாலாக்ஷியும் சுவாமிநாதனும் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். கப்பல் கரையோடு கட்டியிருந்தது. வந்தவர்களைச் சுகாதார டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்து இறக்குவதற்கு நேரமாகும் என்றார்கள். போகிறவர்கள் வேறு படி வழியாக ஏறலாம்.

"ராகு காலத்துலதான் ஏறப் போறே. பயமா இருக்கா?" என்று கேட்டாள் விசாலாக்ஷி.

"இல்லை மாமி. நான் பதினோரு நாள் முன்னாலேயே கிளம்பியாச்சு. இன்னிக்குக் கால் மட்டும்தான் போறது."

அந்தக் கூட்டத்துக்கு நடுவே, சிமெண்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அவளுக்கு நமஸ்காரம் செய்தான். வெள்ளைக்கார மாலுமிகள் ஆள் மயக்கம் போட்டுவிட்டான் என்று ஓடி வந்தார்கள். விசாலாக்ஷி சீடை டின்னை அவன் கையில் திணித்தாள். "எண்ணெய் தேச்சுக்கோ," என்றாள். அவன் படியேறி, மேல்தட்டில் நின்று, பையைத் தூக்கிக் காட்டினான்.

அவன் தலை மறைந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெஞ்சில் ஒரு பெருமையும் ஏறியது. ராகு காலம், சூலை இரண்டையும் ஏமாற்றி ஒரு பிள்ளையைக் கப்பலேற்றியாகிவிட்டது. ஊர் சிரித்தது, பிரின்ஸிபால் சிரித்தார், கட்டினவரே சிரித்தார். இப்போது கொழும்புக் கப்பல் கண் முன்னால் நிற்கிறது.

"இனிமேல் யாராவது பரஸ்தானத்தைப் பத்திக் கேலி பண்ணட்டும், பேசிக்கறேன்," என்றாள்.

"எனக்கு என் பிள்ளை வந்தாப் போறும், தாயே," என்றார் சுவாமிநாதன்.

இந்தப் பக்கத்துப் படியில் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். விசாலாக்ஷி எக்கி எக்கிப் பார்த்தாள். தொப்பிக்காரர்கள் வந்தார்கள், ஒரு பாதிரியார் வந்தார், இரண்டு குழந்தைகளோடு ஓர் அம்மாள் வந்தாள். கூட்டம் மெலிந்தது. பிறகு ஒரு கூலியாளின் தலையில் கறுப்புத் தகரப் பெட்டி ஒன்று இறங்கி வந்தது. மூடியில் வெள்ளை எழுத்தில் கல்யாணராமன் பெயர். அவன் ஊருக்குக் கிளம்பும்போது சுவாமிநாதன் தம் கையால் எழுதியது.

"அதோ பெட்டி! குழந்தை பின்னாலயே வந்துண்டிருப்பான்!" என்று விசாலாக்ஷி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

பெட்டிக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பட்லர் வந்தான். மர்சலின் ஜாடை முகத்திலேயே தெரிந்தது. காஸ்பர். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. மாலுமிகள் படியை மேலே இழுக்க ஆரம்பித்தார்கள்.

காஸ்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விசாலாக்ஷியின் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, உங்க புள்ள கப்பல் ஏறலம்மா. இன்னும் மூணு வருசம் அங்கியே படிக்கப் போறாராம். 'நல்ல வெள்ளிக்கெழமையா பாத்துப் பொட்டிய முன்னாடி அனுப்பிச்சிட்டேன், நான் கெளம்பியாச்சுன்னுதான் அர்த்தம், எங்கம்மாகிட்ட சொன்னா புரிஞ்சுக்குவாங்க'ன்னு சொல்லச் சொன்னாரும்மா."